கார்த்திகைக் கிழங்கு: தாவர இயல்பும் அதன் நஞ்சும்

வேலியோரங்களிலும் பற்றைக்காடுகளிலும் மாரிகாலத்திற் படர்ந்து, கார்த்திகை மாதத்தில் நெருப்புச் சுடர்போன்ற பூக்களைத் தாங்கி நிற்கும் கொடியை அறியாத கமக்காரர் எம்மிடையே இலர். ஆயின் அதன் பூவை அறிந்தவர் அனைவரும் அதன் கிழங்கை அறிந்தவர் அல்லர். வள்ளிக்கிழங்குகளோடும் வற்றாளையோடும் தவறாகக் கலந்து வீட்டிற்கு வந்த கார்த்திகைக் கிழங்கை அவித்துண்டு உயிரிழந்தோர் இந்நாட்டில் உளர். இக்கொடி சிறந்த மருந்தொன்றைத் தருவதும் உண்மை. அம்மருந்துப் பொருளே இக்கொடியின் நஞ்சு என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்து விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

பெயர்கள்

ஈழத்தில் கார்த்திகைப் பூ, கார்த்திகைக் கிழங்கு எனவும், சித்த வைத்தியர்களால் கலப்பைக் கிழங்கு எனவும், தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு, செங்காந்தள் எனவும் வழங்கப்படுவது ஒரே தாவரமாகும். சிங்கள மக்கள் இதனை நியங்கலா என்பர். வடமொழியில் இலாங்கலி என்றும் அக்கினிசிகை என்றும் பெயர்கள் உள. முன்னையது கலப்பையையும் பின்னையது தீச்சுடரையும் குறிக்கும். மண்ணுக்குள் இருக்கும் உறுப்பிற்கு ஒரு பெயரும் மண்ணுக்கு மேல் இருக்கும் உறுப்பிற்கு மற்றொரு பெயருமாக முன்னோர் இட்ட இப்பெயர்களே பாதித் தாவரவியலைச் சொல்லிவிடுகின்றன. பழந்தமிழ் நூலாகிய குறிஞ்சிப்பாட்டிலுள்ள நீண்ட பூப்பட்டியலில் முதலாவதாக நிற்பதும் இக்காந்தளே. பூவை உற்று நோக்கினாற் கண்வலி உண்டாகும் என்பது பரம்பரையாய் வந்த ஒரு நம்பிக்கை. பார்வையினால் யாதொரு தீங்கும் நேர்வதில்லை.

தாவரவியலார் இதனைக் குளோரியோசா சுப்பேர்பா என்பர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-இல் இப்பெயரை நிறுவினார். முன்னர் லில்லிக் குடும்பத்தில் வைத்தெண்ணப்பட்ட இத்தாவரம் இப்பொழுது கொல்சிக்கேசியே என்னும் தனிக் குடும்பத்திற் சேர்க்கப்பட்டுள்ளது. ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது இயற்கையாக வளர்கின்றது.

கொடி, இலை, பூ

இது நெல்லையும் வெங்காயத்தையும் போல ஒருவித்திலைத் தாவரமாகும். எனவே இலை நரம்புகள் வலைபோற் பின்னாது, அடியிலிருந்து நுனிவரை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும். இவ்வொரு குறிப்பை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வள்ளிக்கொடியிலிருந்து இதனைப் பிரித்தறிவது எளிதாகும்.

முதல் மழை மண்ணை நனைத்ததும் கிழங்கின் நுனியிலுள்ள அரும்பு முளைத்து, மெல்லிய பச்சைத் தண்டாக மேலெழும். தண்டு பற்றுக்கோடு கிடைத்தால் மூன்று மீற்றருக்கு மேலும் வளரும். இலைகளுக்குக் காம்பு இல்லை. ஈட்டி வடிவான இலை நுனியை நோக்கி ஒடுங்கி, ஈற்றில் ஒரு சுருண்ட தந்துவாக முடியும். அத்தந்துவே அருகிலுள்ள கிளுவைக் கதியாலையோ பூவரசங் கிளையையோ பற்றிச் சுற்றிக்கொள்கிறது. பாகற்கொடியில் தந்து வேறு, இலை வேறு. வள்ளிக்கொடிக்குத் தந்துவே இல்லை. அதன் தண்டே கம்பைச் சுற்றி ஏறும். இலை நுனியே கையாக மாறிப் பற்றும் கொடி எமது வேலிகளில் வேறொன்றைக் காண்பது அரிது.

பூ தலைகீழாகத் தொங்கும். ஆனால் அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்பதால், பார்ப்போர்க்குச் சுடர்விட்டெரியும் விளக்குப்போலத் தோன்றும். இதழ்களின் ஓரம் அலை அலையாய் நெளிந்திருக்கும். அரும்பு பச்சை, விரியும்போது அடிப்பாகம் மஞ்சள், நுனி சிவப்பு, நாட்செல்ல இதழ் முழுவதும் சிவக்கும். ஒரே கொடியில் இந்நிறங்கள் யாவற்றையும் ஒருங்கே காணலாம். ஆறு கேசரங்கள் சக்கரத்தின் ஆரங்கள்போல் வெளிநோக்கி விரிந்திருக்கும். தம்பம் தன் அடியிலிருந்தே ஏறக்குறையச் செங்கோணமாக மடிந்து ஒரு பக்கமாக நீண்டு நிற்பது இப்பூவின் தனிச்சிறப்பு. இவ்வமைப்பினால் தன் மகரந்தம் தன் குறியில் விழுவது குறைகின்றது. பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுசெல்ல வண்ணத்துப்பூச்சிகள் வேண்டியிருக்கின்றன.

காய் நீண்டு மூன்று அறைகளாக இருக்கும். முற்றியதும் வெடித்து, செம்மஞ்சள் நிறமான உருண்டை வித்துக்களைக் காட்டும். வித்துக்களின் நிறம் சிறுவர்களைக் கவரும் தன்மையது. வித்துக்களும் நஞ்சே. ஆதலால் வீட்டு வேலியில் இக்கொடி இருப்பின், காய் முற்றுமுன் கொய்துவிடல் வேண்டும்.

கிழங்கு

முதலாண்டில் வித்திலிருந்து எழும் கிழங்கு ஒரு சிறு விரல்போல இருக்கும். வளர்ந்த கொடியின் கிழங்கு உருண்டு நீண்டு, இரண்டு கவர்களாக ஓர் இடத்திற் பொருந்தி, கலப்பையின் மூலைபோல் வளைந்திருக்கும். கவர்கள் இரண்டும் ஒத்த நீளமாய் இருப்பதுமுண்டு. ஒன்று நீண்டு மற்றது குறுகியிருப்பதுமுண்டு. தோல் மெல்லிய கபில நிறம், உள்ளே வெண்மை, மா நிறைந்தது. ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஓர் அரும்பு உண்டு. கிழங்கு எளிதில் ஒடியும். ஒடிந்த கவர் ஒவ்வொன்றும் அடுத்த மாரியில் தனிக்கொடியாகும்.

கிழங்கு முழுதாய் இருக்கும்போது அதன் கவர் வடிவே அதனைக் காட்டிக்கொடுக்கும். மண்வெட்டி பட்டு ஒடிந்து ஒற்றைக் கவராய்க் கிடக்கும்பொழுதோ, அது மெலிந்த வற்றாளைபோலவும் சிறுவள்ளிபோலவும் தோன்றும். இங்கேதான் ஆபத்துப் பிறக்கின்றது.

கலப்பு நேரும் காலம்

இவ்விடத்தைக் கமக்காரர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இராசவள்ளியின் கொடி வாடியபின்னரே, பெரும்பாலும் தை, மாசி மாதங்களில், நாம் கிழங்கை அகழ்கின்றோம். கார்த்திகைக் கொடியும் மாரி கழிந்ததும் காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மாத்திரம் மண்ணினுள் உறங்கும். இரண்டும் வேலியையும் கம்பையும் நாடும் கொடிகளாதலால், ஒரே வேலியடியில் இரண்டும் இருப்பது இயல்பு. ஆகவே இலையும் பூவும் கொண்டு இனங்காணக்கூடிய காலத்தில் நாம் அகழ்வதில்லை. அகழும் காலத்தில் இனங்காண இலையும் பூவும் இல்லை.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. கார்த்திகையில் கொடி பூத்திருக்கும்பொழுது தோட்ட வேலியை ஒருமுறை சுற்றிவந்து, வள்ளிப் பாத்திக்கு அருகில் நிற்கும் கார்த்திகைக் கொடிகளை அப்பொழுதே கிழங்கோடு அகற்றிவிடல் வேண்டும். மண் ஈரமாய் இருக்கும் அக்காலத்தில் அலவாங்கினால் சுற்றிவரத் தோண்டினால் கிழங்கு ஒடியாமல் முழுதாய் வரும். கொடியைப் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அடுத்த தை மாதத்தில் அவ்விடத்தில் எதுவும் இல்லையென்று நம்பி மண்வெட்டியைப் போடுவோம். இழுத்துப் பிடுங்கும் வழக்கம் பிடுங்காமல் விடுவதிலும் கேடானது என்பது எமது கருத்து. அன்று அகற்ற இயலாதாயின், அவ்விடத்தில் ஒரு தடியை நட்டு அடையாளமிட்டு வைக்கலாம்.

அகற்றிய கிழங்கைக் கூட்டெருக் குழியிலோ வாய்க்கால் வரம்பிலோ எறிதல் ஆகாது; மழை கண்டதும் மீண்டும் முளைக்கும். துண்டு துண்டாக வெட்டிச் சாய்த்தால் அரும்புள்ள துண்டுகள் பெருகவும் கூடும். பயிர் வைக்காத இடத்தில் ஆழக் குழிதோண்டிப் புதைப்பதே நன்று. ஆடு மாடுகளுக்கும் இது நஞ்சாகையால் பட்டியருகிற் போடலாகாது. வேலை முடிந்ததும் கைகளையும் கருவிகளையும் நன்கு கழுவுக.

தோட்டத்தினின்றும் தொலைவில், காட்டோரத்தில் நிற்கும் கொடிகளைத் தேடி அழிக்கவேண்டியதில்லை. அவை எவருக்கும் தீங்கு செய்வதில்லை; கண்ணுக்கு இனியவை.

அகழ்ந்த கிழங்கிற் சந்தேகம் தோன்றினால் பின்வருவனவற்றை நோக்குக. வற்றாளையைப் புதிதாக வெட்டினால் வெண்பால் கசியும். கார்த்திகைக் கிழங்கிற் பால் இல்லை. ஆயினும் நாட்பட்ட வற்றாளையிலும் பால் வற்றியிருக்கும் என்பதால் இதனை மாத்திரம் நம்புதல் தகாது. இராசவள்ளி பெரும்பாலும் ஊதா நிறமான சதையுடையது, பருத்தது, அதன் காய்ந்த தண்டிலும் நான்கு பக்கங்களிற் சிறகுபோன்ற விளிம்புகளைக் காணலாம். சிறுவள்ளியின் கிழங்குகள் ஒரே அடியிலிருந்து கொத்தாக வரும். தண்டின் அடியில் முட்கள் இருக்கும். எத்தண்டின் அடியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஒற்றைத் துண்டை உணவிற் சேர்க்காது விடுக. சுவைத்துப் பார்த்துச் சோதித்தல் ஒருபோதும் கூடாது. கசப்பைக் கண்டு துப்பிவிடலாம் என்று எண்ணுவது பேதைமை.

நஞ்சின் இரசாயனம்

தாவரங்களில் உண்டாகும் நைதரசன் கலந்த, உடலில் வலிய விளைவைத் தரும் சேர்வைகளை அற்கலோயிட்டுக்கள் என்பர். புகையிலையின் நிக்கொட்டீன், கோப்பியின் கபீன், கொயினா மரப்பட்டையின் குயினீன் ஆகியவை இவ்வகையின. கார்த்திகைக் கிழங்கின் முதன்மையான அற்கலோயிட்டு கொல்சிசீன் ஆகும். ஐரோப்பாவில் வளரும் கொல்சிக்கம் என்னும் சிறு பூண்டிலிருந்து 1820-இல் பெலெற்றியர், கவெந்து என்னும் இரு பிரெஞ்சு இரசாயனவியலார் இதனை முதன்முதற் பிரித்தெடுத்தனர். கார்த்திகைக் கிழங்கிலும் இதே பொருள் உண்டென்பதைக் கிளூவர், கிரீன், தூற்றின் ஆகியோர் 1915-இல் நிலைநாட்டினர். இருவேறு கண்டங்களில், ஒன்றையொன்று சற்றும் ஒவ்வாத தோற்றமுடைய இரு பூண்டுகள் ஒரே நஞ்சைத் தாங்கி நிற்பது வியப்பன்று. அவை ஒரே குடும்பத்தின. குருதியுறவுபோலக் குடும்ப இரசாயனமும் உண்டு.

கொல்சிசீன் மூலக்கூறொன்றில் காபன் அணுக்கள் 22, ஐதரசன் அணுக்கள் 25, நைதரசன் அணு 1, ஒட்சிசன் அணுக்கள் 6 உள்ளன. அவை மூன்று வளையங்களாக அமைந்துள்ளன. ஒரு வளையம் ஆறு காபன் அணுக்களால் ஆனது. ஏனைய இரண்டும் ஏழேழு அணுக்களால் ஆனவை. இயற்கையில் ஆறணு வளையங்களே பெரிதும் காணப்படுவதால், இதன் கடைசி வளையம் எத்தன்மையது என்பது நெடுங்காலம் அறிஞரை மயக்கியது. 1945-இல் இங்கிலாந்தில் டியூவர் என்பவர் அது ஏழணு வளையமென்று கருத்துரைத்தார். அது சரியெனப் பின்னர் உறுதியாயிற்று. ஏனைய அற்கலோயிட்டுக்கள் பெரும்பாலும் காரத்தன்மையுடையவை. கொல்சிசீனிலோ நைதரசன் அவ்வியல்பை இழந்த நிலையிற் பிணைந்திருப்பதால் அது ஏறத்தாழ நடுநிலையானது.

கமக்காரர்க்கு வேண்டிய இரசாயனம் இதனிலும் சுருங்கியது. கொல்சிசீன் வெண்மஞ்சள் நிறமான தூள்; நீரிற் கரையும்; கொதிநீரின் வெப்பத்தில் அழியாது. எனவே அவித்தால் நஞ்சு போய்விடும் என்பது பிழை. அவித்த நீரிலும் நஞ்சு இறங்குமேயன்றி, கிழங்கு தூய்மையாவதில்லை. ஒளி பட்டால் கொல்சிசீன் மெல்ல வேறு பொருளாக மாறும் என்பது மெய். ஆயினும் கிழங்கை வெயிலில் உலர்த்துவதால் அதன் உட்சதைக்கு ஒளி செல்லாது. ஆதலால் உலர்த்திய கிழங்கும் நஞ்சுடையதே. உலர்ந்த நிறைக்கு நிறை பார்த்தால் கிழங்கிலும் வித்தில் கொல்சிசீன் கூடுதலாக உண்டு. பச்சைக் கிழங்கு 10 கிராமில் 6 மில்லிகிராம் அளவு இருக்கக்கூடுமென மதிப்பிடப்பட்டுள்ளது. மருத்துவர் தரும் கொல்சிசீன் மாத்திரை ஒன்றில் அரை மில்லிகிராமே இருக்கின்றது என்பதோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

உடலில் செய்வது

உயிர்க்கலம் ஒன்று இரண்டாகப் பிரியுமுன், அதனுள்ளிருக்கும் நிறமூர்த்தங்கள் இரட்டித்து, மெல்லிய இழைகளால் இரு பக்கமாக இழுக்கப்படும். கொல்சிசீன் அவ்விழைகள் உருவாவதைத் தடுக்கின்றது. இழை இல்லாதவிடத்து இழுப்பு இல்லை, கலமும் பிரிவதில்லை. ஆதலால் உடலில் ஓயாது பிரிந்துகொண்டிருக்கும் கலங்களே முதலிற் கெடும்: குடலின் உட்தோல், குருதியை ஆக்கும் எலும்பு மச்சை, மயிரடி.

நோயின் போக்கும் இதற்கு இயைந்ததே. உண்ட சில மணி நேரத்தில் வாயெரிவு, குமட்டல், ஓயாத வாந்தி, வயிற்றுளைவு, சில வேளைகளிற் குருதி கலந்த வயிற்றோட்டம் ஆகியன தோன்றி உடல்நீர் வற்றும். ஓரிரு நாட்களின் பின் இருதயம், சிறுநீரகம், ஈரல் முதலியவை தளரலாம். குருதிக் கலங்கள் குறையும். தப்பிப் பிழைத்தவர்க்கு ஒன்றிரண்டு வாரங்களில் தலைமயிர் உதிரும். இலங்கையில் இவ்வாறு உடல் மயிர் முழுவதும் உதிர்ந்த ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை 1966-இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அவ்வாறு உதிர்ந்த மயிர் பின்னர் மீண்டும் வளரும்.

வாந்தி தணிந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணி நோயாளியை வீட்டிற்கு அழைத்து வருவது பெருந்தவறு. முதற்கட்டம் ஓய்ந்து இரண்டாங் கட்டம் தொடங்குமுன் ஒரு சிறு தணிவு காணப்படுவதுண்டு. வைத்தியர் விடை தரும்வரை வைத்தியசாலையிலேயே இருத்தல் வேண்டும். கொல்சிசீனுக்கு முறிமருந்தென வழக்கத்தில் எதுவும் இல்லை. வயிற்றிலுள்ள நஞ்சைக் கரித்தூளால் உறிஞ்சச் செய்வதும், இழந்த நீரை ஊசிவழி ஏற்றுவதும், உறுப்புகளைத் தாங்கிப் பேணுவதுமே சிகிச்சை. ஆதலால் காலம் தாழ்த்தாமை ஒன்றே நம் கையிலுள்ளது. உப்புநீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்தல், எண்ணெய் பருக்குதல், நாட்டு மருந்து தேடிக் காலங்கழித்தல் ஆகியன வேண்டாம். 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி வரும். மிஞ்சிய கிழங்கையும், அவித்ததாயினும், ஒரு பையிலிட்டு உடன் கொண்டுசெல்க. அதைக் கண்டவுடன் வைத்தியர் எந்நஞ்சென்று துணிவார். ஒரே சட்டியில் உண்ட ஏனையோருக்கு இன்னும் குறி தோன்றாவிடினும் அவர்களையும் உடனழைத்துச் செல்க.

மருந்தாகவும் பயிர் வளர்ச்சியிலும்

இதே கொல்சிசீன், வைத்தியர் கையில் அளந்து கொடுக்கப்படும்போது, கீல்வாத வகையில் ஒன்றாகிய கவுற்று நோயின் கடும் வலியைத் தணிக்கும். கிழங்கிலும் வித்திலும் இருக்கும் கொல்சிக்கோசைட்டு என்னும் மற்றொரு பொருளிலிருந்து தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்து ஆக்கப்படுகின்றது. ஆயுள்வேதம் இக்கிழங்கை உபவிடங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. சித்த வைத்தியரும் மோரில் ஊறவைத்தல் முதலிய சுத்திமுறைகளின் பின்னரே இதனைக் கையாளுவர். அம்முறைகள் கற்றுத் தேர்ந்த வைத்தியருக்கு உரியன. நூலைப் பார்த்து வீட்டிற் செய்து பார்ப்பதற்குரியன அல்ல.

பயிர்ச்செய்கையாளராகிய எமக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. கலம் பிரியாது நிற்கும்போது இரட்டித்த நிறமூர்த்தங்கள் ஒரே கலத்திற் தங்கிவிடுகின்றன. இதனைப் பயன்படுத்தித் தாவரங்களின் நிறமூர்த்தத் தொகையை இருமடங்காக்கலாம் என்று 1937-இல் அமெரிக்காவில் பிளேக்சிலி, ஏவரி என்போர் காட்டினர். ஜப்பானிய அறிஞர் கிகாரா இவ்வழியில் நான்கு மடங்குத் தொகையுள்ள வத்தகையை ஆக்கி, அதைச் சாதாரண வத்தகையோடு கலந்து, வித்தில்லாத வத்தகையை உண்டாக்கி 1951-இல் அதுபற்றி எழுதினார். இன்று சந்தைகளில் விற்கும் வித்தில்லா வத்தகையின் பிறப்பில், எமது வேலியிற் பூக்கும் கொடியிலுள்ள அதே பொருளுக்குப் பங்குண்டு.

செய்கை பண்ணலாமா

தமிழ்நாட்டில் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் ஆகிய இடங்களிலும், எமது வடகரைக்கு எதிரேயுள்ள வேதாரணியத்திலும் இக்கொடி தோட்டப் பயிராகவே செய்யப்படுகின்றது. கிழங்கை நட்டு, கம்பியிற் படரவிட்டு, வித்தை எடுத்து மருந்து ஆக்குவோர்க்கு விற்பர். அதனைக் கேள்வியுற்ற இளங் கமக்காரர் சிலர், இங்கும் செய்யலாமோ என வினவுவதுண்டு. மணற்பாங்கான வடிகாலுள்ள எமது நிலம் இதற்கு ஒவ்வாததன்று. ஆயினும் இது இலேசான பயிரும் அன்று. காய் நன்கு பிடிப்பதற்குக் காலைவேளையிற் பூவுக்குப் பூ கையினால் மகரந்தம் தொடுத்தல் வேண்டும். நடுகைக் கிழங்கின் விலை பெரிது. வித்தின் விலையோ ஆண்டுக்காண்டு ஏறியிறங்குவது. உண்ண முடியாத விளைவாதலால், விலை வீழ்ந்த ஆண்டில் மிஞ்சியதைச் சமைத்து ஒரு வேளையேனும் தள்ளிவிட இயலாது. கொள்வோர் யார், என்ன விலைக்கு என்பதை எழுத்திற் பெறாது எவரும் இதில் இறங்குவதை யான் ஆதரியேன். இறங்குபவர் கிழங்கையும் வித்தையும் குழந்தைகள் எட்டாத, பூட்டுள்ள இடத்தில், உணவுப் பொருள்களுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். நடுகைக் கிழங்கை வள்ளி விதைக்கிழங்கோடு ஒரே சாக்கிற் கட்டலாகாது.